முப்பத்தேழாவது கேள்வியில் வந்த ஆடு

சேசு மரி சூசை

அயோத்தியாப்பட்டணம்,
11 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கச்சி அந்தோணிமேரிக்கு,

உன் அண்ணன் செபஸ்தியான் எழுதுவது. யாரையும் எழுதச் சொல்லி நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. மேலே போட்ட சேசு, மரி, சூசை என்ற மூன்று திருப்பெயர் முதல் எல்லாம் நானே எழுதுகிறேன். நம்பாவிட்டால் கையெழுத்தைப் பார். இப்படிக் கோணலாக எழுத வேறு யாருக்கும் வராது.

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. இடது முழங்கால் மட்டும் ஆப்சைடில் நிற்கிறது. உனக்குச் சர்க்கரை எப்படி? திண்டுக்கல்லில் மழை உண்டா?

அறுபத்தெட்டு வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். முதியோர் வகுப்பு டீச்சர் கயல்விழி ஆறு மாதம் சொல்லிக் கொடுத்தது. லாரி பாடி கட்டும் பட்டறையில் நாற்பது வருடம் வேலை செய்தபோது எனக்கு நம்பர் மட்டும்தான் தெரியும். இப்போது லாரிக்குப் பின்னால் எழுதியிருப்பதை எல்லாம் படிக்கிறேன். பெரும்பாலும் அறிவுரைதான்.

இந்தக் கடிதத்தை நான்கு நாளாக எழுதுகிறேன். போனில் பதில் சொல்லாதே. எழுது. படித்துப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

ஒரு சேதி. நம் சூசையப்பர் கோவில் திருவிழா எழுவர் கால்பந்துக்கு இருபத்தெட்டு வருடமாக நான்தான் விசில் ஊதுகிறேன். இனிமேல் எழுத்துத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கிய நடுவர்தான் ஊதலாம் என்று நடுவர் கழகம் சொல்லிவிட்டது. தேர்வு அக்டோபர் இருபதாம் தேதி. இத்தனை நாள் இங்கிலீஷில் மட்டும் இருந்தது, இந்த வருடம்தான் முதல் தடவையாகத் தமிழில் வைக்கிறார்கள். பார்த்தாயா, நான் படித்ததும் தமிழில் வந்துவிட்டது. மார்ச் பத்தொன்பது இறுதி ஆட்டத்தில் நான்தான் ஊதுவேன். சந்தேகமே இல்லை.

மாதா உன்னைப் பார்த்துக்கொள்வாள். மருந்தை மறக்காதே.

உன் அண்ணன்
செபஸ்தியான்

*

திண்டுக்கல்,
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் கொடுத்தபோது யாரோ முன்னாள் மாணவனின் திருமண அழைப்பு என்று நினைத்தேன். பிரித்துப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சமையலறையில் நின்றேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. முப்பத்து நான்கு வருடம் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்த பழக்கத்தில் சிவப்புப் பென்சிலைக் கையில் எடுத்தேன். பிறகு டப்பாவிலேயே போட்டுவிட்டேன்.

எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் தடவுகிறீர்களா?

கால்பந்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. என் ஏழு வயதில் நம் செல்லி ஆடு திடலுக்குள் ஓடியதோடு எனக்கும் அந்த ஆட்டத்துக்கும் உள்ள உறவு முடிந்துவிட்டது. உங்களுக்கே தெரியும். ஆனாலும் நீங்கள் தேர்ச்சி பெற வேண்டும் என்று தினமும் செபிக்கிறேன்.

இப்போது ஓர் எழுத்து வேலை கையில் இருக்கிறது. அதைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது என்பது நிபந்தனை. அதனால் அடுத்த கடிதம் தாமதமானால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், அண்ணா.

அன்புத் தங்கை
அந்தோணிமேரி

*

சேசு மரி சூசை

அயோத்தியாப்பட்டணம்,
15 செப்டம்பர் 2024

அன்புத் தங்கச்சி மேரிக்கு,

நலம். உன் நலத்துக்குச் சூசையப்பருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். உன் கடிதத்தை வகுப்பில் எல்லாருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பால் பொங்கிய இடத்தில் மாரக்காள் பாட்டி, "அட, அடுப்ப நிறுத்தறதுக்கு என்னவாம்?" என்று உன்மேல் கோபப்பட்டது.

படிப்பு நன்றாகப் போகிறது. சட்டம் எல்லாம் எனக்குத் தெரியும். கேள்வியைப் படிப்பதுதான் பாடு. பழைய இங்கிலீஷ் கேள்விகளைக் கயல்விழி தமிழில் சொல்லிப் பார்த்தது. தலையும் வாலும் இல்லாமல் இருந்தது. எது சரியல்ல, எது தவறல்ல என்று சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். தரையில் சோடா மூடிகளை ஆட்டக்காரர்களாக வைத்து, கேள்வியில் சொன்னபடி நகர்த்துகிறேன். பந்துக்கு ஒரு புளியங்கொட்டை. ஆட்டம் கண்ணில் தெரிந்ததும் கை தானாக விசிலைத் தேடும். அதுதான் பதில்.

இங்கே ஆரோன் என்று ஒருவன். பஸ் கண்டக்டர், நடுவரும்கூட. அவனும் தேர்வு எழுதுகிறான். மூடிகளைப் பார்த்துவிட்டு, "என்னங்கண்ணா, சோடாக்கடை வெக்கப் போறீங்களா?" என்றான். "நீங்க பேர் எழுதி முடிக்கறதுக்குள்ள ரெண்டு பாதி ஆட்டமும் முடிஞ்சிரும்ண்ணா" என்றும் சொன்னான். "எச்சா நேரம் நடுவர் கையில இருக்குதுடா" என்றேன்.

நீ இங்கிலீஷ் டீச்சர். இந்த மாதிரி கேள்விகள் எப்படி இருக்கும் என்று நான்கைந்து எழுதி அனுப்பேன். உனக்குக் கால்பந்து தெரியாவிட்டால் என்ன, சந்தேகம் இருந்தால் என்னைக் கேள். சொல்லித் தருகிறேன்.

காலில் செருப்பில்லாமல் நடக்காதே. சர்க்கரைக்காரர்களுக்கு ஆகாது.

உன் அண்ணன்
செபஸ்தியான்

*

திண்டுக்கல்,
14 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நீங்கள் கேட்ட கேள்விகளை நான் அனுப்பவில்லை. தேர்வைப் பற்றி நான் எதுவும் எழுதாமல் இருப்பதே நல்லது. ஏன் என்று கேட்காதீர்கள். அவசரப்படாமல் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை வாசியுங்கள். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இத்துடன் ஒரு பேனா வைத்திருக்கிறேன். வழுக்காமல் எழுதும்.

புனித அந்தோணியார் துணை இருப்பார்.

அன்புத் தங்கை
அந்தோணிமேரி

*

சேசு மரி சூசை

அயோத்தியாப்பட்டணம்,
22 அக்டோபர் 2024

அன்புத் தங்கச்சி மேரிக்கு,

உன் பேனா முயல் மாதிரி ஓடுகிறது. என் கைதான் ஆமை. நலமாக இருக்கிறேன், நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

தேர்வு எழுதிவிட்டேன்! சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். ஐம்பத்திரண்டு பேர். என்னைப் பார்த்ததும் கண்காணிப்பாளர், "பெரியவரே, பேரன விட்டுட்டு வெளிய உக்காருங்க" என்றார். "பேரன் இல்லைங்க, நானே பரீட்சைக்கு வந்திருக்கறனுங்க" என்று நுழைவுச் சீட்டை நீட்டினேன்.

நாற்பது கேள்வி. முப்பத்திரண்டு சரியாக இருந்தால் தேர்ச்சி. பிரீ கிக்கைத் தனியுதை என்றும், டிராப் பாலைத் தரைப்பந்து என்றும், ஆப்சைடைப் புறநிலை என்றும் எழுதியிருந்தார்கள். பரவாயில்லை, அழகாகத்தான் இருந்தது. ஆனால் கேள்விகள் இருக்கிறதே, குடல் மாதிரி சுருண்டிருந்தது. பின்னால் இருந்த ஆரோன், "இது கேள்வியா, விடுகதையா?" என்று முனகினான். சோடா மூடி கொண்டுபோக முடியாது. அதனால் பின்பக்கத்தில் திடலை வரைந்து வரைந்து பார்த்தேன்.

முப்பத்தேழாவது கேள்விக்கு வந்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அதை அப்படியே மனப்பாடம் செய்து வந்தேன். கேள்: "கோலை நோக்கிச் செல்லும் பந்து, ஆடுகளத்தில் புகுந்த ஒற்றைக் கொம்பு வெள்ளாட்டின் மேல் படாமல் இல்லாமல், தடுப்பவர் எவரும் தடுக்கப்படாத நிலையில் கோலுக்குள் சென்றால், நடுவர் செய்யக் கூடாதது அல்லாதது எது?"

கண்காணிப்பாளர் ஓடி வந்தார். "என்ன சிரிப்பு? அது என்ன படம்?"

"ஆடுங்க."

"ஆடா?"

"ஒத்தக் கொம்பு ஆடுங்க."

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

உனக்கு ஞாபகம் இருக்கும். அறுபத்தெட்டாம் வருடத் திருவிழா. எனக்குப் பன்னிரண்டு வயது. ஆத்தூர்ப் பையன்களோடு ஆட்டம். நான் அடித்த பந்து கோலுக்குப் போகும் வழியில், கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி வந்த நம் ஒற்றைக் கொம்புச் செல்லியின் முதுகில் உரசிவிட்டு உள்ளே போனது. விசில் வைத்திருந்த கோவில் உபதேசியார், "ஆடு தொட்டா கோல் இல்லடா" என்று சொல்லிவிட்டார். ஆட்டம் சமன். காசு சுண்டிப் போட்டதில் கோப்பை ஆத்தூருக்குப் போனது. நான் மூன்று நாள் சாப்பிடவில்லை. அன்றைய சட்டப்படி அவர் செய்தது சரி. ஆனால் இப்போது சட்டம் மாறிவிட்டது. ஆடு தொட்டாலும், தடுக்க வந்தவனை அது மறிக்காமல் இருந்து, பந்து உள்ளே போனால் கோல்தான். படம் வரைந்து பார்த்தேன். கூடாதது அல்லாதது என்றால் செய்யக் கூடியது. 'கோல் வழங்குவது' என்று குறித்தேன். ஐம்பத்தாறு வருடம் கழித்து அந்தக் கோலை என் கையாலேயே போட்டேன்.

இந்தக் கேள்வியைத் தமிழில் எழுதியவர் யாராக இருந்தாலும் நல்ல மனம் உள்ளவர். சேலத்தில் மற்ற ஆடுகளுக்கெல்லாம் இரண்டு கொம்பு.

உடம்பைப் பார்த்துக்கொள். உடனே எழுது.

உன் அண்ணன்
செபஸ்தியான்

*

சேசு மரி சூசை

அயோத்தியாப்பட்டணம்,
1 டிசம்பர் 2024

அன்புத் தங்கச்சி மேரிக்கு,

நாற்பது நாள் ஆகியும் உன் கடிதம் இல்லை. நலமா? போனில் கேட்டால், "எழுதுறேன் அண்ணா, எழுதுறேன்" என்று வைத்துவிடுகிறாய். எனக்கு நலம். பனிக்கு முழங்கால் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது.

முடிவு வந்துவிட்டது. முப்பத்தொன்று. ஒன்று குறைந்துவிட்டது. பாதகமில்லை, அடுத்த வருடம் எழுதுவேன். முப்பத்தொன்று எடுத்தவனுக்கு முப்பத்திரண்டு ஒன்றும் மலை இல்லை.

விடைத்தாளைப் பார்க்க விட்டார்கள். முப்பத்தேழுக்கு எனக்குத் தவறு போட்டிருந்தது. 'ஆட்டத்தை நிறுத்தித் தரைப்பந்து போடுவது' என்பதுதான் சரியாம், அதாவது கோல் கிடையாதாம். ஆரோனுக்கும் அதே கேள்வியில் போய், அதே முப்பத்தொன்றில் நிற்கிறான். அவன் கோபத்தில், "அந்த ஆட்டப் புடிச்சுப் பிரியாணி போட்ரணும்ண்ணா" என்கிறான். கயல்விழி, "மேல்முறையீடு பண்ணுங்க ஐயா, நானே எழுதித் தாரேன். கேள்விய எழுதுனவங்க பதில் சொல்லட்டும்" என்றது. எனக்கே எழுதத் தெரியும் என்றேன். ஆனால் எழுதவில்லை.

இறுதி ஆட்டத்துக்கு வெளியிலிருந்து ஒரு நடுவர் வருகிறாராம். பங்குச் சாமியார் என்னைக் கோப்பை மேசைக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறார். நல்ல நாற்காலி. விசிலைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

கிறிஸ்துமஸ் வருகிறது. கேக்கை மோந்து மட்டும் பார்.

உன் அண்ணன்
செபஸ்தியான்

*

திண்டுக்கல்,
9 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இன்று இல்லை. ஆனாலும் விசாரிக்கிறேன். நலமா?

அந்தக் கேள்வித்தாளைத் தமிழில் எழுதியவள் நான்.

என்னிடம் படித்த சிவக்குமார் நடுவர் கழகத்தின் செயலாளர். ஜூலையில் வந்து கேட்டான். ஒப்புக்கொண்டேன். ஆகஸ்டில் உங்கள் முதல் கடிதம் வந்தது. தேர்வு எழுதுவது என் அண்ணன் என்று அன்றே சொல்லி விலகியிருக்க வேண்டும். விலகவில்லை. என் அண்ணன் முதன்முதலாக எழுதப்போகும் தேர்வில் என் எழுத்து இருக்கட்டும் என்று ஆசைப்பட்டுவிட்டேன். ரகசியம் காக்க வேண்டியதால் ஒரு வார்த்தைகூட உங்களிடம் கேட்க முடியவில்லை. எனக்குத் தெரிந்தவர்களில் கால்பந்து அறிந்த ஒரே ஆள் நீங்கள்தான். அதையும் சேர்த்துத்தான் சிரிக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் 'ஒரு விலங்கு' என்றுதான் இருந்தது. நீங்கள் படித்துச் சிரிப்பீர்கள் என்று ஒற்றைக் கொம்பு வெள்ளாட்டை நான் சேர்த்தேன். நடுவர் செய்யக் கூடாதது எது என்பதுதான் கேள்வி. அதற்குத் தரைப்பந்து சரியான விடை. நான் திருத்தி எழுதும்போது, வரிசையாக வந்த 'இல்லாமல்', 'படாமல்'களில் வழி தவறி, கடைசியில் ஓர் 'அல்லாதது' அதிகமாகப் போட்டுவிட்டேன். கேள்வி தலைகீழானது. விடைக்குறிப்பு பழையபடியே நின்றது. என் தமிழ்ப்படி உங்கள் விடைதான் சரி. உங்களைச் சிரிக்க வைக்கப்போன இடத்தில் உங்கள் விசிலைப் பிடுங்கிவிட்டேன்.

உங்கள் அக்டோபர் கடிதத்திலேயே தவறு தெரிந்தது. நாற்பது நாள் என் பெயரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் எழுத்தில் ஆயிரம் தவறு வட்டமிட்டவள், என்னுடைய ஒன்றை வட்டமிடக் கை வரவில்லை. நேற்று எல்லாவற்றையும் எழுதிச் சிவக்குமாருக்கு அனுப்பிவிட்டேன். நீங்கள் என் அண்ணன் என்பதையும் எழுதியிருக்கிறேன்.

நீங்கள் ஏன் மேல்முறையீடு செய்யவில்லை, அண்ணா?

அந்தோணிமேரி

*

சேசு மரி சூசை

அயோத்தியாப்பட்டணம்,
16 டிசம்பர் 2024

அன்புத் தங்கச்சி மேரிக்கு,

நலம், நலம், நலம். மூன்று முறை எழுதியிருக்கிறேன், போதுமா? தகுதி அது இது என்று எழுதாதே. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்குப் பெரிய வார்த்தை எல்லாம் பாரம்.

எழுதியது நீ என்று எனக்குத் தேர்வு மண்டபத்திலேயே தெரியும். உலகத்தில் எத்தனை பேருக்குச் செல்லியைத் தெரியும்? கிணற்று மதிலில் முட்டி அது கொம்பை உடைத்துக்கொண்டபோது நீயும் நானும்தானே பக்கத்தில் இருந்தோம். நான் சிரித்தது அதற்குத்தான். என் தங்கச்சி எனக்கு ஆடு அனுப்பியிருக்கிறாள் என்று.

மேல்முறையீடு செய்தால் கேள்வியை எழுதியவர் பெயர் வெளியே வரும். முப்பத்து நான்கு வருட டீச்சர் பெயரை ஒரு மார்க்குக்காக நான் இழுக்க வேண்டுமா? அது நீயாகச் சொல்ல வேண்டியது. சொல்லிவிட்டாய். திடலில் நான் எத்தனை முறை தவறாக விசில் ஊதியிருக்கிறேன் தெரியுமா? ஊதிய பிறகு கையைத் தூக்கி, "என் தப்புங்க" என்று சொல்ல முதல் தடவைதான் கஷ்டம். சொன்னவன் மேல் ஆட்டக்காரர்களுக்கு மரியாதை கூடத்தான் செய்யும். நீயும் பார்.

ஆனால் ஆரோனிடம் நீதான் என்று சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள், வாய் நிற்கவில்லை. "அக்காவா! அப்ப பிரியாணி வேண்டாம்ண்ணா" என்றான்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து. குடிலில் ஒரு ஆடு வை.

உன் அண்ணன்
செபஸ்தியான்

*

திண்டுக்கல்,
20 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பொங்கல் நன்றாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு உடம்பும் சரி, மனசும் இப்போது பரவாயில்லை.

கழகத்தின் முடிவை நீங்கள் இதற்குள் கேட்டிருப்பீர்கள். எழுதியது யார் என்று அறியாத மூன்று நடுவர்கள் கேள்வியைத் தனியாக வாசித்துப் பார்த்து, கோல் என்று எழுதியவர்களுக்கும் மதிப்பெண் உண்டு என்று சொல்லிவிட்டார்கள். பதினான்கு பேர் கூடுதலாகத் தேர்ச்சி. உங்கள் ஆரோனும் அதில் உண்டு. அடுத்த ஆண்டுத் தாளையும் நானே எழுத வேண்டுமாம். கால்பந்து தெரிந்த ஒருவர் உடன் இருந்து படித்துப் பார்த்தால்தான் செய்வேன் என்றேன்.

இவ்வளவு சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இது பழையது.

செல்லி கயிற்றை அறுக்கவில்லை. கயிறு என் கையில் இருந்தது. கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் இரண்டு பேரைத் தாண்டிப் பந்தை அடித்தீர்கள். நான் இரண்டு கையையும் தட்டினேன். கயிறு நழுவிவிட்டது. அவ்வளவுதான். அப்பா கயிறு விற்றவனை நான்கு வருடம் திட்டினார். ஒவ்வொரு முறையும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நீங்கள் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்ததைப் பார்த்த பிறகு, திடல் பக்கம் வரவே எனக்குக் கால் கூசியது. கால்பந்து பிடிக்காது என்று சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிவிட்டேன்.

மொழிபெயர்க்கும்போது அந்தச் சட்டத்தைப் பலமுறை படித்தேன். தாக்கும் அணியே குறுக்கிட்டிருந்தால் கோல் கிடையாது என்று ஒரு வரி இருக்கிறது. கயிற்றை விட்டவள் தாக்கியவனின் தங்கை. அப்படியானால் புதுச் சட்டத்திலும் உங்கள் கோல் போய்விட்டதா? நீங்கள் சான்றிதழ் வாங்கிய நடுவர். தீர்ப்புச் சொல்லுங்கள்.

அந்தோணிமேரி

*

சேசு மரி சூசை

அயோத்தியாப்பட்டணம்,
2 பிப்ரவரி 2025

அன்புத் தங்கச்சி மேரிக்கு,

நலம். முழங்காலும் நலம். சான்றிதழைப் பார்த்ததும் அதுவே ஒழுங்காக மடங்குகிறது. சட்டம் போட்டு மாதா படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறேன். அதில் என் பெயர் இருக்கிறது. தினமும் காலையில் படிக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்துபோய்ச் சோடா மூடிகளை எடுத்தேன். அறுபத்தெட்டாம் வருடத் திடலைத் தரையில் வைத்தேன். செல்லிக்கு ஒரு கொட்டாங்கச்சி. கம்பத்துக்குப் பக்கத்தில் உனக்கு ஒரு நெல்லிக்காய். முழுவதும் நகர்த்திப் பார்த்தேன்.

தீர்ப்பு இது. அன்று எழுவர் ஆட்டம் இல்லை, எங்கள் அணியில் பதினொரு பேர். பதினொரு பெயரும் எனக்கு மனப்பாடம். அதில் அந்தோணிமேரி இல்லை. மாற்று ஆட்டக்காரர்களிலும் இல்லை. நீ பார்வையாளர். பார்வையாளர் கை தட்டக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. தடுக்க வந்தவனை ஆடு மறிக்கவும் இல்லை. அவன் ஏற்கெனவே கீழே விழுந்து கிடந்தான். ஆகவே கோல். இதில் மேல்முறையீடு கிடையாது.

இன்னொன்று. இத்தனை வருடமாக நான் ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். நான் அடித்ததை அன்று யாருமே பார்க்கவில்லை, எல்லாரும் ஆட்டைத்தான் பார்த்தார்கள் என்று. ரெண்டு பேரைத் தாண்டினேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று. நீ பார்த்திருக்கிறாய். எண்ணிக்கூட வைத்திருக்கிறாய். அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

மார்ச் பத்தொன்பது புதன்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு இறுதி ஆட்டம். விசில் அலமாரியிலிருந்து இறங்கிவிட்டது. ஆரோன் கோட்டு நடுவர், கொடி பிடிக்கிறான். கோப்பை மேசைக்குப் பக்கத்தில் எனக்குப் போட்ட நாற்காலி காலியாக இருக்கிறது. அது உனக்கு. முதல் நாளே கிளம்பி வா. மருந்தையும் செருப்பையும் எடுத்துக்கொள்.

பையைப் பங்குச் சாமியார் வீட்டில் வைத்துவிடலாம். குடையும் கொண்டு வராதே, நிழல் இருக்கிறது. இரண்டு கையும் சும்மா இருக்கட்டும்.

உன் அண்ணன்
செபஸ்தியான்